நிலாவரைக் கிணறு: ஆழம் எவ்வளவு, நல்ல தண்ணீர் எவ்வளவு?

சுள்ளிக்கல் என்று ஓர் இடம் இருப்பது கொச்சிக்கு வெளியே பலருக்குத் தெரியாது. தோப்பும்படியிலிருந்து மட்டாஞ்சேரி போகிற வழியில் இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்தது அங்கேதான். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். வீட்டுக்குள் 'தண்ணீர்' என்று கேட்போம், வாசலைத் தாண்டினால் 'வெள்ளம்' என்று கேட்க வேண்டும். எந்தப் பெயரில் கேட்டாலும் சுலபத்தில் கிடைக்காத பொருள் அது என்பதுதான் வேடிக்கை. ஒரு பக்கம் காயல், ஒரு பக்கம் கடல், வருடத்துக்கு இரண்டு மழைக்காலம். தோண்டினால் நாலைந்து அடியில் தண்ணீர் வந்துவிடும். ஆனால் வாயில் வைக்க முடியாது. உவர்ப்பு.

இது இன்று நேற்றுக் கதை இல்லை. 1663-ல் டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்தார்கள். (அவர்கள் காலத்தில் துணி வெளுக்க அழைத்து வரப்பட்ட தமிழ் வண்ணார் குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் கோட்டைக் கொச்சியில் இருக்கிறார்கள்.) கோட்டையைப் பிடித்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் பிடிக்கத்தான் வழியில்லை. அலெக்சாண்டர் ஹாமில்டன் என்ற கடலோடி 1727-ல் வெளிவந்த தன் பயண நூலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கொச்சியிலிருந்து தினமும் வராப்புழைக்குப் படகு போய்ப் பீப்பாய்களில் ஆற்றுத் தண்ணீர் கொண்டு வருமாம். கம்பெனி ஊழியர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்குக் காசு. உள்ளூர்த் தண்ணீரைக் குடித்தால் கால் வீங்கும் என்று பயம். யானைக்கால் நோய்க்கு ஆங்கிலேயர்கள் 'கொச்சிக் கால்' என்றே பெயர் வைத்தார்கள். பழி தண்ணீர் மேல் இல்லை, கொசு மேல் என்பதற்கு முதல் துப்பு 1877-ல் சீனாவில் பேட்ரிக் மேன்சன் செய்த ஆய்வில்தான் கிடைத்தது.

1914-ல் ஆலுவா பக்கத்தில் சொவ்வரயில் பெரியாற்றுத் தண்ணீரை எடுத்து எர்ணாகுளத்துக்குக் குழாய் போட்டார்கள். பிறகு மெல்ல மெல்ல எங்கள் பக்கமும் குழாய் வந்தது. நூறு வருடம் கழித்தும் நிலைமை என்ன? 2023 தொடக்கத்தில் பாழூரில் பம்பு பழுதானது. மேற்குக் கொச்சி முழுக்கக் குடமும் கையுமாக லாரிக்குக் காத்து நின்றது.

சொந்த ஊர்ப் புராணத்தை எதற்குப் பாடுகிறேன் என்றால், இதே டச்சுக் கம்பெனி கொச்சிக்கு ஐந்து வருடம் முன்னால், 1658-ல், இன்னொரு தமிழ் ஊரைப் பிடித்தது. யாழ்ப்பாணம். அங்கேயும் சுற்றிலும் கடல். வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் அங்கே கிணற்றுத் தண்ணீரைக் குடித்தே ஒரு நாகரிகம் வளர்ந்திருக்கிறது. இது எப்படி? எனக்கு இதற்குப் பதில் கிடைத்தது ஃபுளோரிடாவில், யாழ்ப்பாணத்துப் புத்தூர்க்கார நண்பர் ஒருவரோடு கழித்த ஒரு நாளில்.

நான் வேலை பார்ப்பது ஃபுளோரிடாவில். நண்பர் டொராண்டோவில். வருடா வருடம் குளிர்காலத்தில் காரை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடுவார், நீர்க்குகைகளில் முக்குளிக்க. வட ஃபுளோரிடா பூராவும் சுண்ணாம்புக் கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிக் கல்லை அரித்து, லட்சக்கணக்கான வருடங்களில் பூமிக்கடியில் குகைகளை உண்டாக்கி வைத்திருக்கிறது. அந்தக் குகைகளின் வாய்தான் ஊற்று. ஹை ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஜின்னி ஸ்பிரிங்ஸ் என்ற இடத்துக்குப் போனோம். கோடையிலும் குளிரிலும் தண்ணீர் ஒரே 22 டிகிரி. குனிந்து பார்த்தால் அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம்.

காலையில் நண்பரும் அவருடைய முக்குளிப்புத் துணைவரும் உள்குகைக்குப் போனார்கள். எனக்கு அந்தப் பயிற்சி இல்லை. மதியம் என்னை முகப்புக் குகைக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போனார். சாதாரண முக்குளிப்புச் சான்றிதழ் இருந்தாலே அனுமதிக்கும் இடம். உள்ளே ஓரிடத்தில் இரும்புக் கம்பி வலை போட்டு வழியை அடைத்திருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாடி! புயல் காற்றில் ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்பது போல. பூமிக்குள்ளிருந்து அத்தனை வேகமாகத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. மற்றக் குகைகளின் வாயில் எமன் படம் போட்ட பலகை ஒன்று உண்டு. இதற்கு மேல் போகாதே, போய்ச் செத்தவர்களில் முக்குளிப்பு ஆசிரியர்களும் அடக்கம் என்கிற பொருளில் எழுதியிருக்கும்.

இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1935-ல் இங்கிலாந்தின் வூக்கி ஹோல் குகையில் கிரஹாம் பால்கோம்ப், ஜாக் ஷெப்பர்ட் குழுவினர் உலோகத் தலைக்கவசம் மாட்டி இறங்கியதுதான் இந்தத் துறையின் ஆரம்ப அத்தியாயம். பிற்பாடு ஃபுளோரிடாவில் சாவு மேல் சாவு. ஷெக் எக்ஸ்லி என்பவர் அந்தச் சாவுகளை ஒவ்வொன்றாக அலசி 1979-ல் சின்னதாக ஒரு புத்தகம் போட்டார். வெளியிலிருந்து அறுபடாத வழிகாட்டிக் கயிறு வேண்டும். கொண்டுபோகும் காற்றில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே போகச் செலவழி, ஒரு பங்கைத் திரும்பி வர வை, ஒரு பங்கை ஆபத்துக்கென்று தொடாமல் வை. இப்படிப் பல பேரைக் காப்பாற்றிய எக்ஸ்லியே 1994-ல் மெக்சிகோவின் சக்காட்டோன் பள்ளத்தில் 300 மீட்டருக்கும் கீழே போக முயன்றபோது இறந்துபோனார்.

கரையேறி, நண்பர் கொண்டுவந்த பாணும் இடிச்ச சம்பலும் சாப்பிடும்போதுதான் நிலாவரை பற்றிப் பேச்சு வந்தது.

"எங்கட நிலாவரைக்கு அடியே இல்லையெண்டு சொல்லித்தான் அப்பம்மா எங்களைக் கிட்டப் போக விடுறேல்ல. அங்க போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில வந்து மிதக்குமெண்டும் சொல்லுவினம்" என்றார்.

கேள்விப்படாதவர்களுக்காக: புத்தூருக்குப் பக்கத்தில் நவக்கிரியில் இருக்கிறது நிலாவரை. இராமர் வானரப் படையின் தாகம் தீர்க்க அம்பு விட்ட இடம் என்பது ஐதீகம். பார்க்கக் கட்டிய கிணறு போல இருந்தாலும் யாரும் தோண்டியதில்லை. யாழ்ப்பாணமும் ஃபுளோரிடா மாதிரியே சுண்ணாம்புக் கல் பூமி. அடியில் குகை அரித்து, கூரை இடிந்து விழுந்து உண்டான பள்ளம் அது. இலங்கையில் காலனிச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட் 1859-ல் வெளியிட்ட நூலிலேயே புத்தூர்க் கிணறு வருகிறது. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு என்பது அப்போதே தெரிந்த விஷயம். 2016-ல் இலங்கைக் கடற்படையின் முக்குளிப்பாளர்கள் இறங்கி, கேமரா பொருத்திய ரோபோவையும் விட்டுப் பார்த்தார்கள். 50 மீட்டருக்குச் சற்று அதிக ஆழம், பக்கவாட்டில் நீரோடும் வழிகள், இடையில் மாட்டுவண்டிகளின் சிதைவுகள். அடியில்லாக் கிணற்றுக்கு அடி கிடைத்துவிட்டது.

"அடியைப் பற்றிக் கதைச்சு என்ன பிரயோசனம்? மேல எத்தினை அடிக்கு நல்ல தண்ணி நிக்குதெண்டதுதான் கேள்வி" என்றார் நண்பர்.

மெக்சிகோவின் யுகடான் பகுதிக் குகைகளில் அவர் கண்ணால் பார்த்ததைச் சொன்னார். அங்கே நீருக்குள் இறங்கிக்கொண்டே போனால் ஓரிடத்தில் இன்னொரு நீர்மட்டம் தெரியுமாம். மேலே நன்னீர், கீழே கடல்நீர். இரண்டும் சேருமிடம் சூடான தார்ச்சாலை மேல் காற்று நெளிவது போல நெளியும். அதற்குள் கையை விட்டால் விரல் கலங்கித் தெரியும். "நிலாவரைக்குள்ளயும் இதுதான் நடக்குது. நாங்கள் பிறந்த ஊர் முழுக்க இதுக்கு மேலதான் இருக்கு."

விஷயம் இவ்வளவுதான். மழைநீர் மண்ணுக்குள் இறங்குகிறது. அடியில் கடலிலிருந்து ஊடுருவிய உப்புநீர் இருக்கிறது. நன்னீர் எடை குறைவு, அதனால் உப்புநீர் மேல் எண்ணெய் போல மிதக்கிறது. 1836-ல் கோகோஸ் தீவுகளுக்குப் போன டார்வின், அங்கே கிணற்று நீர் கடல் ஏற்றவற்றத்தோடு ஏறி இறங்குவதைப் பார்த்து இப்படித்தான் விளக்கம் சொன்னார். 1880-களின் இறுதியில் டச்சு ராணுவப் பொறியாளர் படோன் கைபனும், 1901-ல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே இதற்குக் கணக்குப் போட்டார்கள். (கொச்சியில் பீப்பாய்த் தண்ணீர் குடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஒருவழியாகக் காரணம் கண்டுபிடித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்!) கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே 40 அடி வரை நன்னீர் இருக்கும்.

நல்ல செய்திதானே என்று தோன்றும். கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். நிலத்தடி நீர்மட்டம் 1 அடி நிரந்தரமாக இறங்கினால், கீழே உப்பு 40 அடி மேலேறும். நிலாவரையின் ஆழம் 50 மீட்டராக இருந்தாலும் 500 மீட்டராக இருந்தாலும் ஒன்றுதான். குடிக்க இருப்பது மேலே மிதக்கும் அந்தப் படலம் மட்டும்.

கொச்சியிலும் இதே விதிதான். ஆனால் அங்கே நிலம் கடல் மட்டத்திலிருந்து அதிகம் உயரவில்லை, நாலாபுறமும் ஓதநீர் புகுந்து புறப்படுகிறது, அதனால் மிதக்கும் படலம் மிக மெல்லியது. யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக் கல் மழையைக் குடித்துச் சேமிக்கிறது. என் கேள்விக்கு விடை இதுதான். எங்கள் ஊருக்குக் கிடைக்காத வரம் அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதனால்தான் அது கெடுவதைக் கேட்க எனக்குக் கூடுதலாக வலித்தது.

முன்பு துலா மிதித்துப் பட்டையால் இறைத்தார்கள். மனிதன் களைத்தால் இறைப்பு நிற்கும், கிணறு ஊறும். பம்பு களைப்பதில்லை. வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களுக்குப் போட்ட உரத்தின் நைட்ரேட் நீரில் இறங்குகிறது. அதோடு மலக்குழிக் கசிவும் சேர்கிறது. சுண்ணாம்புக் குகைக்கு வடிகட்டத் தெரியாது, குழாய் மாதிரி அப்படியே கொண்டுபோய்விடும். நிலாவரையில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதந்ததா என்பதை விடுங்கள். இங்கே விழுவது அங்கே வரும் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது, அதுதான் முக்கியம். சுன்னாகத்தில் மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்தது. அந்த வழக்கில் 2019-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது. 2024-ல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள். வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் வானம் இலவசமாகச் செய்து கொடுத்ததை இப்போது மின்சாரம் செலவழித்துச் செய்கிறோம்.

இதில் நம் பங்கும் இருக்கிறது. வெளிநாட்டுப் பணத்தில் ஊரில் வீடு எழுப்புகிறோம். மார்பிள் தரை, மூன்று குளியலறை, ஆழ்துளைக் கிணறு, ஒன்றரை குதிரைசக்தி மோட்டார். மலக்குழி மட்டும் கிணற்றுக்குப் பக்கத்திலேயே, அடியில் சிமென்ட் பூசாமல். வருடத்தில் மூன்று வாரம் தங்கும் வீடு அது. அந்தத் தண்ணீரை வருடம் முழுக்கக் குடிப்பவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

நண்பர் புத்தூரில் அம்மாவுக்கு வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். ஆழ்துளை வேண்டாம், பழைய கிணறே போதும், மலக்குழியை நீர் கசியாத தொட்டியாகக் கட்டி, வளவில் கிணற்றுக்கு எதிர் மூலைக்குத் தள்ளிவிடு, கூரைத் தண்ணீரைக் கிணற்றடிக்கே திருப்பிவிடு என்று தம்பிக்குச் சொல்லிவிட்டாராம். "குகைக்குள்ள மூண்டில ஒரு பங்கைத் தொடக்கூடாது எண்டு படிச்சிட்டு, ஊரில போய் முழுசா உறிஞ்ச ஏலுமே?" என்றார்.

அடுத்த விடுமுறையில் யாழ்ப்பாணம் போகிறவர்கள் பிள்ளைகளை நிலாவரைக்கும் கீரிமலைக்கும் கூட்டிப் போங்கள். இராமர் அம்பையும் சொல்லுங்கள், நாற்பது அடிக் கணக்கையும் சொல்லுங்கள். ராமேஸ்வரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம், கொச்சி என்று எந்தக் கடலோர ஊர்க்காரராக இருந்தாலும் சரி, வீட்டுக்கு அடுத்த முறை போன் பேசும்போது இரண்டே கேள்வி கேளுங்கள். நம் கிணறு எத்தனையாவது அடியில் உப்பாகிறது? நம் மலக்குழிக்கும் கிணற்றுக்கும் எத்தனை அடி?