பெட்டியடிப் படிப்பு

பாடத்திட்டத்தைப் பிள்ளைக்கேற்ப வளைப்பது இன்றைய புதுமை என்பவர்கள் அன்றைய செட்டிநாட்டைப் பார்க்கட்டும். முந்திரி (1/320), மாகாணி (1/16) வாய்பாடுகளைத் திண்ணையில் உருப்போட்ட நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) பையன், ரங்கூனில் வட்டித்தொழில் நடந்த கிட்டங்கியில் தொழில் பழகும் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். அங்கே பாடவரிசை கிடையாது. அன்றைய வரவு பேரேட்டில் ஏறினால் அது பாடம், அறுவடைக் கடன் திரும்பினால் வட்டிக்கணக்கு பாடம். தேறினால் அடுத்தாள் (உதவியாளர்), பிறகு ஏஜெண்டு. மனப்பாடத்தில் நெகிழ்வு எங்கே என்று கேட்கலாம். வாய்பாடு கைவசம் இருந்ததால்தான் வரிசையைக் கலைக்க முடிந்தது. உறைக்கிற ஆட்சேபம் வேறு: முறைதான் வளைந்தது, இலக்கு வளையவில்லை. பெண்பிள்ளைகளுக்குப் பெட்டியடி இல்லை. பையன்களுக்கோ பெரும்பாலும் லேவாதேவிதான். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கே அந்தப் படிப்புக்கு இடமே இல்லாமல் போயிற்று. 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கிய நகரத்தாரான அழகப்பச் செட்டியாரே பெட்டியடிக்கு வெளியே, லண்டனில் பாரிஸ்டர் படித்தவர்.