உனக்கு வந்த காசு யாருடையது?

“மச்சான், எனக்குக் காசு வந்தது. நீயும் போட்டுப் பார்.”

மோசடி என்றதும் நாங்கள் கள்ளனைத் தேடுகிறோம். ஆனா இந்த வசனத்தைச் சொல்பவன் பெரும்பாலும் கள்ளன் இல்லை. பொய்யும் சொல்லவில்லை, அவனுக்கு உண்மையாவே காசு வந்திருக்கு. அந்த உண்மையை வைத்தே ஒரு மோசடி எப்படி ஓடும் என்பதை 100 வருசத்துக்கு முதலே அமெரிக்காவின் பொஸ்டன் நகரம் பார்த்துவிட்டது.

1919 டிசம்பரில், இத்தாலியிலிருந்து குடியேறிய சார்ள்ஸ் பொன்சி 150 டொலர் முதலோடு அங்கே தொழில் தொடங்கினார். வெளிநாட்டில் பதில் அஞ்சல் கூப்பன்களை மலிவாக வாங்கி, அமெரிக்காவில் கூடின பெறுமதிக்கு மாற்றி லாபம் எடுப்பதாகச் சொன்னார். கதையில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. முதலாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பிய நாணயங்கள் விழுந்து கிடந்ததால் அந்த விலை வித்தியாசம் நிஜம். 100 டொலர் தந்தால் 90 நாளில் 150 என்று எழுதிக் கொடுத்தார்; பிறகு 45 நாளிலேயே கொடுக்கத் தொடங்கினார்.

கொடுத்தாரா? கொடுத்தார். அதுதான் விசயமே. பின்னால் வந்தவர்களின் காசை எடுத்து முன்னால் வந்தவர்களுக்குக் கொடுத்தார். ஆள் பிடித்து வரும் முகவர்களுக்கு 10 சதவீதம். முதலீடு என்று எதுவுமே இல்லை. எட்டு மாதத்துக்குள் சுமார் 95 லட்சம் டொலர் சேர்ந்தது.

நிதிப் பத்திரிகையாளர் கிளாரன்ஸ் பரன் ஒரு சின்னக் கணக்குப் போட்டார். பொன்சி சொல்வது உண்மையென்றால் சுமார் 16 கோடி கூப்பன்கள் வேணும். உலகத்தில் புழக்கத்தில் இருந்ததோ 27,000 அளவில்தான். 1920 ஓகஸ்ட் 2இல் ‘பொஸ்டன் போஸ்ட்’ பத்திரிகை பொன்சி கடனில் மூழ்கியிருப்பதாக எழுதியது. சனம் காசைத் திருப்பிக் கேட்டு ஓடியது. ஒரு கிழமைக்குள் அவருடைய வங்கிக் கணக்கு காலி. ஓகஸ்ட் 12இல் கைது.

அந்த ஒரு கிழமையில் முந்தி ஓடிப் போட்ட காசை எடுத்தவர்கள் தப்பிவிட்டோம் என்று நினைத்தார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1924இல் தீர்ப்பு வந்தது: உங்களுக்குக் கிடைத்தது மற்றவர்களிடம் ஏமாற்றி எடுத்த காசு, எல்லோரும் ஒரே மாதிரி ஏமாந்தவர்கள், திருப்பிக் கொடுங்கள், எல்லோருக்கும் சமமாகப் பிரியட்டும். ‘எனக்கு வந்தது’ என்ற சந்தோசத்துக்குள்ள இருந்த கேள்வியை நீதிமன்றம் வெளியில் எடுத்துப் போட்டது.

இண்டைக்குக் கூப்பனுக்குப் பதிலாக கிரிப்டோ, ஒன்லைன் வேலை, வாட்ஸ்அப் குறூப். கணக்கு அதேதான். எங்கட ஊர்ச் சீட்டில் 10 பேர் 10,000 படி போட்டால் ஒரு லட்சம்; அதுக்கு மேல ஒரு சதமும் தானாகப் பிறக்காது. அதனால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த லாபம் எங்கேயிருந்து வருது? போட்டதை முழுசா இப்பவே எடுக்க ஏலுமா? நான் ஏன் ஆள் சேர்க்கவேணும்?

கடைசிக் கேள்வி முக்கியம். இலங்கையின் வங்கித்தொழில் சட்டம் பிரமிட் திட்டங்களைத் தடை செய்திருக்கு. நடத்துவது மட்டுமில்லை, விளம்பரப்படுத்துவதும் குற்றம். நண்பனுக்கு அனுப்பும் லிங்க் விளையாட்டு இல்லை.

மாட்டிவிட்டால்? முதலில் காசு போடுவதை நிப்பாட்டுங்கள். “இன்னும் 20,000 கட்டினால் முழுக்காசும் வரும்” என்பது இரண்டாவது மோசடி. “போன காசை மீட்டுத் தாறம், கட்டணம் கட்டுங்கோ” என்பது மூன்றாவது. உடனே வங்கிக்குக் கோல் எடுங்கள். வெட்கத்தில் சற்றை அழிக்காதீர்கள். திகதி, கணக்கு இலக்கம், தொலைபேசி இலக்கம் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து, வங்கிச் சிட்டைகளோடு பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். ஒன்லைன் மோசடியென்றால் இலங்கை சேர்ட்டின் 101 இலக்கத்துக்கும் அறிவிக்கலாம்.

பிறகு, உங்களை நம்பிக் காசு போட்ட ஆக்கள் இருந்தால் அவர்களுக்கு அண்டைக்கே சொல்லுங்கள். ‘எனக்கு வந்தது’ என்று சொல்லும்போது இருந்த அதே வேகத்தில்.