துப்பாக்கி உரிமம்

துப்பாக்கியையும் தோட்டாவையும் வாங்கவும், வைத்திருக்கவும், எடுத்துச் செல்லவும் அரசு எழுத்து மூலம் தரும் அனுமதி. பேச்சு வழக்கில் ‘துப்பாக்கி லைசென்ஸ்’. இந்தியாவில் இது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படியும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படியும் வழங்கப்படுகிறது. ஆயுதம் பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரம் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி ஒன்றியத்துக்கு உரியது. ஆனால் உரிமத்தில் கையெழுத்திடுபவர் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியரே; சென்னை போன்ற மாநகரங்களில் காவல் ஆணையர். தடைசெய்யப்பட்ட ரகங்களுக்கு மட்டும் மத்திய உள்துறை அமைச்சகத்தை நாட வேண்டும்.

‘துப்பாக்கி’ என்னும் சொல் துருக்கிய மொழியில் தோன்றிப் பாரசீகம், இந்துஸ்தானி வழியாகத் தமிழுக்கு வந்தது என்பர். உரிமப் பேச்சில் ஆங்கில எழுத்துகளே நிலைத்துவிட்டன. ‘எஸ்.பி.எம்.எல்.’ என்றால் குழலின் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி, ‘எஸ்.பி.பி.எல்.’ என்றால் பின்புறம் மடித்துத் தோட்டா போடும் ஒற்றைக்குழல்; ‘டி.பி.பி.எல்.’ என்றால் அதிலேயே இரட்டைக்குழல். விண்ணப்பம் எழுதுவோர், காவல் நிலைய எழுத்தர், ஆயுதக் கடைக்காரர் ஆகிய எல்லோரும் இவ்வாறே வழங்குகின்றனர்.

தொடக்கம்

தமிழகத்தில் ஆயுதம் வைத்திருப்பதை அரசின் அனுமதிக்கு உட்படுத்திய முதல் பெரும் நடவடிக்கை பாளையக்காரர் போர்களின் முடிவில் வந்தது. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றிலும், மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரிலும் தூக்கிலிடப்பட்டனர். அதன்பின் 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். இவர் இராபர்ட் கிளைவின் மகன். பாளையக்காரரின் படைக் கடமை நீக்கப்பட்டது. கம்பெனி அரசு அனுமதித்தவை நீங்கலாக மற்ற ஆயுதங்களின் பயன்பாடு ஒழிக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. ‘அனுமதித்தவை நீங்கலாக’ என்ற அந்தத் தொடரிலேயே பிற்கால உரிம முறையின் வித்து இருக்கிறது. சிவகங்கைச் சீமையில் வளரி என்னும் வளைந்த எறி ஆயுதங்களும் திரட்டி அழிக்கப்பட்டன என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி; எத்தனை வளரிகள் என்பதில் கூற்றுகள் வேறுபடுகின்றன.

அடுத்த அரை நூற்றாண்டில் நாடு முழுமைக்குமான ஆயுதச் சட்டம் எதுவும் இல்லை.

1857 முதல் 1931 வரை

வட இந்தியக் கிளர்ச்சியை அடுத்து 1857இல் தற்காலிகச் சட்டம் ஒன்றும், 1860இல் அதைவிட விரிவான 31ஆம் சட்டமும் வந்தன. கிளர்ச்சிப் பகுதிகளில் வீடு வீடாக ஆயுதம் பறிக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் அந்த அளவுக்குக் கெடுபிடி இல்லை என்பதே பொதுவான கருத்து. பாளையங்களின் ஆயுதங்களை 1801லேயே பறித்தாயிற்று என்பதை அதற்குக் காரணமாகச் சிலர் காட்டுவர்.

இன்றைய உரிமப் புத்தகத்தின் முன்னோடி 1878ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம். லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது வந்தது. இந்திய மொழி இதழ்களின் வாயை அடைத்த சட்டமும் அதே ஆண்டில் அவர் கொண்டுவந்ததே. பின்னர் வந்த ரிப்பன் பிரபு 1882இல் இதழ்ச் சட்டத்தை நீக்கினார். ஆயுதச் சட்டத்தை நீக்கவில்லை. அது எண்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

அச்சட்டத்தில் ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்குள் பீரங்கி, துப்பாக்கி, வாள், குத்துவாள், ஈட்டி, வில், அம்பு ஆகிய எல்லாம் அடங்கின. எனினும் எல்லாவற்றுக்கும் ஒரே விதி இல்லை. துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க எங்கும் உரிமம் வேண்டும். வாளும் ஈட்டியும் வைத்திருக்க, தனியே அறிவிக்கப்பட்ட பகுதிகளில் மட்டும் வேண்டும். உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் மூன்றாண்டுச் சிறை. அதை மறைத்து வைத்திருந்தால் ஏழாண்டு.

மக்களைப் புண்படுத்தியது தண்டனையைவிட விலக்குப் பட்டியலே. ஐரோப்பியர் உரிமம் இல்லாமலே துப்பாக்கி வைத்திருக்கலாம். இந்தியரில் அரச குடும்பத்தாரும் பட்டம் பெற்ற பெரிய மனிதர் சிலரும் மட்டுமே அந்தப் பட்டியலில் இடம் பெற்றனர். ஒரே ஊரில், ஒரே காட்டோரத்தில், தோட்டத் துரைக்குக் காகிதம் தேவையில்லை. அவர் நிலத்துக்குப் பக்கத்து நிலக்காரர் கச்சேரி வாசலில் மனுவோடு நிற்க வேண்டும். பல்லாண்டுக் கசப்புக்கு இந்த வேறுபாடே காரணம்.

எதிர்ப்பு முதலில் வலுவாக ஒலித்த இடங்களுள் சென்னையும் ஒன்று. 1887 டிசம்பரில் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் சென்னையில் கூடிய மூன்றாம் காங்கிரஸ் மாநாட்டில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தக் கோரும் தீர்மானம் விவாதிக்கப்பட்டது. இளைஞராக இருந்த விபின் சந்திர பால் இச்சட்டத்தின் பாரபட்சத்தைக் கண்டித்துப் பேசினார். தீர்மானம் நிறைவேறியது, ஆனால் அவை முழுதும் ஒரே மனத்தோடு இருந்ததாகச் சொல்வதற்கில்லை. அரசு நம் விசுவாசத்தில் ஐயம் கொள்ளுமே என்ற தயக்கம் மிதவாதிகளிடம் இருந்தது.

சட்டத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு புதுச்சேரி. பிரெஞ்சு ஆட்சிப் பகுதியாதலால் இச்சட்டம் அங்கே செல்லாது. புரட்சியாளர் வ. வே. சு. ஐயர் போன்றோர் அங்கிருந்து துப்பாக்கிப் பயிற்சி அளித்தனர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றது பிரௌனிங் கைத்துப்பாக்கியால். அது வாஞ்சிநாதன் கைக்கு வந்து சேர்ந்த வழி பற்றிப் பலவாறு எழுதப்பட்டுள்ளது.

நீலகிரி 1878ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டியே தனக்கென ஒரு முறையைக் கண்டது. அங்கே 1879இல் வந்த வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டத்தின்படி, துப்பாக்கிக்கு உரிமம் ஒருபுறமிருக்க, சுடுவதற்குத் தனியாக அனுமதி பெற வேண்டும். சில விலங்குகளைச் சுடப் பருவ வரம்பும் உண்டு. துப்பாக்கி வைத்திருப்பது வேறு, அதைக் கொண்டு எதைச் சுடலாம் என்பது வேறு என்னும் பிரிவினை தமிழகத்தில் தெளிவாகத் தொடங்கியது இங்கேதான்.

முதல் உலகப் போருக்குப் பின் வந்த 1920ஆம் ஆண்டு விதிகளில் இன அடிப்படையிலான விலக்கு பெரும்பாலும் நீங்கியது. பட்டத்துக்கும் செல்வத்துக்கும் உரிய சலுகை வேறு உருவங்களில் தொடர்ந்தது. இதற்கிடையில் காந்தியின் எழுத்திலும் இச்சட்டம் இடம்பெற்றுவிட்டது. 1918இல் கேடா மாவட்டத்தில் போருக்கு ஆள் சேர்க்க அவர் வெளியிட்ட துண்டறிக்கை, ஒரு நாட்டையே ஆயுதமற்றதாக்கியதை ஆங்கில ஆட்சியின் தீமைகளுள் முதன்மையானதாகச் சுட்டியது. 1930 ஜனவரியில் அவர் வைத்த பதினொரு கோரிக்கைகளில் கடைசியானது, மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுத் தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் தர வேண்டும் என்பது. உப்பு வரியை நீக்கக் கேட்ட அதே பட்டியலில் இதுவும் இருந்தது. அகிம்சையைப் போதித்தவர் ஏன் இதைக் கேட்டார் என்பதற்கு ஆய்வாளர் தரும் விளக்கங்கள் ஒன்றுபடவில்லை. 1931இல் கராச்சி காங்கிரஸ், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்கும் உரிமையை அடிப்படை உரிமைகளுள் சேர்த்தது.

விடுதலைக்குப் பின்

கராச்சித் தீர்மானம் அரசியலமைப்பில் ஏறவில்லை. 1948 டிசம்பர் தொடக்கத்தில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் இவ்வுரிமையைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை, அப்படி எழுதிவிட்டால், சட்டம் ஆயுதம் வைத்திருக்கத் தடை செய்துள்ள திருடரும் முரடரும்கூட உரிமை கோரி வருவர் என்றார். திருத்தம் தோற்றது. 19ஆம் பிரிவில் நிலைத்தது ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை.

1959இல் பழைய சட்டத்துக்கு மாற்றாகப் புதிய ஆயுதச் சட்டம் நிறைவேறி, 1962 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. வாளும் கத்தியும் பொதுவாக உரிமத் தேவையிலிருந்து விடுபட்டன. அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கு மட்டும் விதிவிலக்கு. உரிமம் கேட்போரை 13ஆம் பிரிவு இரு வகையாகப் பிரித்தது. குழல் இருபது அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே வரியில்லாத துப்பாக்கியைத் தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்பவரும், மெய்யாகவே பயிர் காக்க நாட்டுத் துப்பாக்கி கேட்பவரும் ஒரு வகை. இவர்களுக்கு, மறுக்கக் காரணம் இல்லாதவரை, உரிமம் தர வேண்டும். ரிவால்வர், ரைபிள் முதலியவற்றைக் கேட்பவர் தகுந்த காரணம் காட்டியாக வேண்டும். இதை வைத்து உரிமம் பெறுவது உரிமையா, சலுகையா என்ற கேள்வி உயர்நீதிமன்றங்களில் பலமுறை எழுந்தது. தீர்ப்புகள் ஒரே திசையில் இல்லை.

பயிர்க்காவல் துப்பாக்கி பற்றிச் சற்று விரித்துச் சொல்லலாம். காட்டுப்பன்றி இறங்கும் மலையடிவாரங்களில் பரணில் இரவு விழித்திருப்பவர் கையில் இருந்தது பெரும்பாலும் இதுவே. குழலுக்குள் அளந்து கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, கம்பியால் இடித்து இறுக்கி, ரவையைப் போட்டு மீண்டும் நாரால் அடைத்து, பின்புறக் காம்பில் கேப்பைச் செருகினால் ஒரே ஒரு வெடிக்கு ஆயத்தம். அடுத்த வெடிக்கு இவ்வளவும் மறுபடி. பன்றியைக் கொல்வதைவிட ஓசையால் விரட்டுவதற்கே இது உதவியது என்று சொல்லும் உழவர் பலர். நரிக்குறவரின் வேட்டைக் கருவியும் இவ்வகையே. 1972இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இதன் காலம் மங்கியது. சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் வசிக்கும் உரிமதாரர் தலைமை வனவுயிர்க் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும். அங்கே புதிய உரிமம் தர அவர் இசைவு முன்னதாகத் தேவை.

1983ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் மூன்று துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றது. குறைந்த வயதையும் 21 ஆக்கியது.

காகிதங்கள்

விண்ணப்பம் ஏ-1 படிவத்தில் தரப்படுகிறது. அடையாள, முகவரிச் சான்றுகள், நிழற்படம், உடல், மன நலம் பற்றிய மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகப் பூட்டி வைப்பதாக உறுதிமொழி, கையாளும் பயிற்சி பெற்றதற்கான சான்று ஆகியவை உடன் வைக்கப்படும். பயிற்சி 2016 விதிகள் கொண்டுவந்த நல்ல மாற்றங்களுள் ஒன்று. அதற்கு முன் துப்பாக்கியைத் தொட்டே பாராதவரும் உரிமம் பெற முடிந்தது.

மனு அதன்பின் பல மேசைகளுக்குச் செல்கிறது. சட்டப்படி காவல் நிலைய அறிக்கை கட்டாயம். தமிழகத்தில் கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் வழியாக வருவாய்த் துறை அறிக்கையும், காட்டோர ஊரானால் வனத்துறை அறிக்கையும் கேட்பது வழக்கம். நிலம் உண்டா, விண்ணப்பதாரர் மீது வழக்கு உண்டா, பக்கத்து வீட்டாரோடு பகை உண்டா, அச்சுறுத்தல் மெய்யானதா என்பவை விசாரிக்கப்படும். காவல்துறை 30 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அது கிடைத்து 60 நாளுக்குள் உரிம அலுவலர் முடிவு செய்ய வேண்டும் என்பது விதி. நடைமுறையில் இக்காலம் நீள்வதுண்டு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். மேல்முறையீட்டுக்கு வழி உண்டு.

உரிமம் கிடைத்தபின்பே துப்பாக்கி வாங்கலாம். வாங்கியதும் அதன் எண், ரகம், தயாரிப்பு எல்லாம் உரிமத்தில் ஏறும். பழைய உரிமப் புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பார்ப்பது தனி அனுபவம். முதல் பக்கத்தில் ஓரத்தில் முத்திரை விழுந்த நிழற்படம்; அடுத்து மூன்றாண்டுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பித்த ஆட்சியர்களின் கையெழுத்துகள்; கடைசிப் பக்கங்களில் ஆயுதக் கடைக்காரர் தேதியிட்டு எழுதிய தோட்டாக் கணக்கு. எந்த ஆண்டு எத்தனை தோட்டா வாங்கினார், எந்தத் தேர்தலுக்குத் துப்பாக்கியை ஒப்படைத்தார் என்று ஒரு குடும்பத்தின் அரை நூற்றாண்டை அதில் படித்துவிடலாம்.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது தமிழக வழக்கம். எல்லோரும் ஒப்படைக்க வேண்டுமா என்பது வழக்காடப்பட்ட பொருள். யாரிடம் பெறுவது என்பதை ஆய்வுக் குழு தனித்தனியே முடிவு செய்ய வேண்டும் என்பது தேர்தல் ஆணைய அறிவுரை. வங்கிக் காவலர்களுக்கும் துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்களுக்கும் பொதுவாக விலக்கு உண்டு.

அண்மைக்காலம்

உரிமங்கள் தேசியத் தரவுத்தளத்தில் ஏற்றப்பட்டு, ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் தரப்படுகிறது. 2019 டிசம்பர் திருத்தம் துப்பாக்கி வரம்பை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமக் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக்கியது. விழாக்களில் வானை நோக்கிச் சுடுவதைக் குற்றமாக்கியது. குடகில் கொடவர் சமூகத்தாருக்கும் ஜம்மா என்னும் பரம்பரை நிலவுரிமை உடையோருக்கும் ஆங்கிலேயர் காலத்திலிருந்து தொடரும் உரிம விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது.

உரிமம் ஒருவர் பெயருக்கு உரியது. வீடு, நிலம் போல அது வாரிசுக்குத் தானாக இறங்குவதில்லை. உரிமதாரர் எழுபது வயதை எட்டினாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ தம் வாழ்நாளிலேயே வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். கேட்காமல் இறந்துவிட்டால், பரணில் இருக்கும் தாத்தாவின் துப்பாக்கியைக் காலம் தாழ்த்தாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து, ரசீது பெற்றுக்கொண்டு, அதன்பின் வாரிசு தம் பெயரில் ஏ-1 படிவம் எழுத வேண்டும்.