ஒரு வாக்கில் பிழைத்த பதிவுக் கருவி

அமெரிக்க இல்லங்களில் மடிக்கணினியுடன் விரலளவு ட்யூனர் ஒன்றை இணைத்து, கேபிள் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை அதில் பதிந்துகொள்ளும் வழக்கம் 2000-க்குப் பின் பரவிற்று. இன்று எளிதாகத் தோன்றும் இவ்வேலை ஒரு காலத்தில் எத்தனை கடினமாயிருந்தது, தெரியுமா?

நம் செவிக்கு எட்டும் ஒலியின் அதிர்வெண் விநாடிக்கு 20,000 வரைதான். தொலைக்காட்சிப் படத்திற்கோ சுமார் 40 இலட்சம் தேவை! ஒலியைப் பதிவதுபோலவே படத்தையும் பதிய முயன்றால், நாடா அசுர வேகத்தில் ஓட வேண்டும். பி.பி.சி. உருவாக்கிய ‘வேரா’ கருவியில் நாடா விநாடிக்கு 200 அங்குலம் ஓடிற்று. பெரிய சக்கரம் போன்ற சுருளும் கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

கலிபோர்னியாவில் ஆம்பெக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த சார்லஸ் கின்ஸ்பர்க் குழுவினர் வேறு வழியைக் கையாண்டனர். நாடாவை விரட்டுவானேன்? பதியும் தலையைச் சுழற்றினால் போதாதா? 4 தலைகள் பொருத்திய உருளை நிமிடத்திற்கு 14,400 முறை சுழன்று, 2 அங்குல அகல நாடாவின் குறுக்கே கோடு கோடாகப் பதிந்தது. நாடா விநாடிக்கு 15 அங்குலமே நகர்ந்தது. ஆயினும் தலை அதன்மீது உராய்ந்த வேகமோ சுமார் 1,500 அங்குலம்! 1956 ஏப்ரலில் சிகாகோவில் இக்கருவி காட்டப்பட்டது. நவம்பர் 30-ல் நியூயார்க் மாலைச் செய்தியை சி.பி.எஸ். நிறுவனம் இதில் பதிந்து, 3 மணி நேரம் கழித்து மேற்குக் கரைக்கு ஒளிபரப்பியது. (அக்குழுவிலிருந்த ரே டால்பி என்ற இளைஞரின் பெயரைத்தான் பிற்காலத்தில் சினிமாக் கொட்டகைகளில் பார்த்திருக்கிறீர்கள்.)

1975-ல் சோனியின் ‘பீட்டாமேக்ஸ்’ இவ்வசதியை வீட்டிற்குள் கொண்டுவந்தது. மறு ஆண்டே யுனிவர்சலும் டிஸ்னியும் வழக்குத் தொடுத்தன. 1979-ல் சோனி வென்றது. 1981-ல் மேல்முறையீட்டில் தோற்றது. தம் குழந்தைகள் நிகழ்ச்சியைக் குடும்பங்கள் பதிந்து பார்ப்பதில் தமக்கு ஆட்சேபமில்லை என்று ஃபிரெட் ராஜர்ஸ் சாட்சியம் அளித்திருந்தார். 1984 ஜனவரி 17-ல் உச்சநீதிமன்றம் அதையும் எடுத்துக்காட்டி, இலவச ஒளிபரப்பைப் பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவது குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. ஆதரித்த நீதிபதிகள் 5 பேர், எதிர்த்தவர்கள் 4 பேர். ஒரே ஒருவர் மாறியிருந்தால்?

மடிக்கணினி ட்யூனர் பிறந்தது இத்தீர்ப்பின் நிழலில்தான். அது கேபிளில் வரும் அலையை எண்களாக மாற்றுகிறது. அடுத்தடுத்த படங்களில் மாறாத பகுதியைத் திரும்ப எழுதாமல், மாறியதை மட்டும் குறித்துக்கொள்வதால் ஒரு மணி நேர நிகழ்ச்சி சுமார் 2 ஜிகாபைட்டில் அடங்கிவிடும். வேடிக்கை என்னவென்றால், ஹார்டு டிஸ்க்கில் தலை சுழல்வதில்லை. தட்டுதான் நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்கிறது.

தீர்ப்பு இன்றும் நிலைத்திருக்கிறது. ஆனால் மின்னணுப் பூட்டை உடைப்பதை 1998-ல் ஒரு சட்டம் குற்றமாக்கியது. முழுவதும் டிஜிட்டலாகிவிட்ட கேபிள் நிறுவனங்கள் தம் அடிப்படை அலைவரிசைகளையும் பூட்டலாம் என்று 2012-ல் அமெரிக்க அரசின் தகவல்தொடர்பு ஆணையம் அனுமதித்தது. அவ்வாறு பூட்டிய ஊர்களில் பழைய ட்யூனரைச் செருகினால் கம்பியில் அலை வரும். திரையில் படம் வராது.