சித்தாளும் கரண்டியும்

சிற்றாள் என்பதே பேச்சில் சித்தாள் ஆயிற்று. கட்டடப் பணியில் சித்தாள் என்றால் பெண். அவளைப் போலவே சுமை தூக்கும் ஆணுக்குப் பல ஊர்களில் பெரியாள் என்று பெயர். கூலியின் ஏற்றத்தாழ்வு பெயரிலேயே தொடங்கிவிடுகிறது.

உடல்வலுவை ஒட்டியே வேலை பிரிந்தது என்பார்கள். வேலை நடக்கும் இடத்தில் ஒரு பகல் நின்றவர் இதை ஒப்பமாட்டார். சும்மாடு கூட்டி, கலவைச் சட்டியைத் தலையில் ஏற்றி, படி வார்க்காத மாடிக்குச் சாரத்தின் வழியே ஏறுபவள் சித்தாள். கொத்தனார் கையில் கரண்டியும் தூக்குக்குண்டும் மணியாசுக் கட்டையும். எது கனம்? கூலி கனத்துக்கு அன்று, கருவிக்கே கொடுக்கப்படுகிறது. கையாளாக வரும் பையன், கொத்தனார் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் கரண்டியைத் தொட்டுப் பழகி, சில ஆண்டுகளில் தானும் கொத்தனாராகிறான். சாந்தின் பதத்தைக் கண்ணாலேயே சொல்லக்கூடியவள், இருபது ஆண்டு கலவை போட்டும் சித்தாளாகவே ஓய்கிறாள்.

வயலிலும் இதே கதைதான். நாற்று நடுவது பெண்கள் வேலை. நடவு இயந்திரம் வந்ததும் அதை ஓட்ட ஏறியவர் பெரும்பாலும் ஆண். நகரத்தில் ரெடிமிக்ஸ் லாரி வந்து தலைச்சுமை குறைந்தது. கூடவே அவளுடைய வேலைநாளும் குறைந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. ஒரே மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்ற 1951ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கையை இந்தியா 1958இல் ஏற்றது. ஆனால் 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் ‘அதே வேலை அல்லது அதையொத்த வேலை’ என்று சுருக்கிக்கொண்டது. 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் அதே அளவுகோலையே வைத்திருக்கிறது. சித்தாள் வேலையும் கொத்தனார் வேலையும் வேறு வேறு என்று ஆனபின், இந்தச் சட்டம் யாரைத் தொடும்? வேலையைப் பிரித்துவைத்தாலே போதும், சட்டத்தை மீறவேண்டிய தேவையே இல்லை.

ஜார்க்கண்டில் கழிப்பறை கட்டும் திட்டத்தில் ஊரகப் பெண்களுக்குக் கொத்து வேலை பயிற்றுவித்தார்கள். கொத்தனாரை ராஜமிஸ்திரி என்னும் அம்மாநிலத்தில் அவர்களுக்கு ராணிமிஸ்திரி என்ற பெயரும் கிடைத்தது. நம் கொத்தனாருக்கு இணையான பெண்பாற்சொல் இன்னும் வழக்குக்கு வரவில்லை.

இதைப் படிப்போரில் வீடு கட்டுபவர் யாரேனும் இருக்கலாம். பூச்சு வேலை தொடங்கும் நாளில், பின்பக்கச் சுவர் ஒன்றையேனும் சித்தாளிடம் விடும்படி மேஸ்திரியிடம் கேளுங்கள். அன்றைக்குக் கொத்தனார் கூலியே கொடுங்கள்.