கிண்ணத்தில் பிறந்த கேக்

அந்தமானில் நம் மின்னி பே வீடுகளில் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வண்ண வண்ணமாகச் சுட்டு அடுக்குகிறோமே, அந்தக் கப் கேக் பேக்கரிக்காரர் கண்டுபிடித்ததல்ல. வீட்டு அடுப்படியில் பிறந்தது.

1796-ல் அமெரிக்காவில் அமீலியா சிம்மன்ஸ் ஒரு சமையல் நூல் வெளியிட்டார். அமெரிக்கர் எழுதி அங்கேயே அச்சான முதல் சமையல் நூல் என்று அதைச் சொல்கிறார்கள். முகப்பிலேயே தன்னை ஓர் அனாதை என்று சொல்லிக்கொண்ட பெண்மணி அவர். சின்னக் கிண்ணங்களில் ஊற்றிச் சுடும் கேக்கின் குறிப்பு அந்த நூலில்தான் இருக்கிறது. 1828-ல் எலைசா லெஸ்லி ‘கப் கேக்’ என்றே பெயரிட்டு ஒரு குறிப்பு கொடுத்தார். தராசில் நிறுக்காமல் கப்பால் அளந்து போடும் கேக் அது. பின்னாளில் ஒரு கப் வெண்ணெய், இரண்டு கப் சர்க்கரை, மூன்று கப் மாவு, நான்கு முட்டை என்று அளவு மனப்பாடமாகிவிட்டது. இட்லிக்கு நாலுக்கு ஒன்று போடுகிற கை இதை உடனே பிடித்துக்கொள்ளும்.

கிண்ணத்துக்கும் காரணம் உண்டு. விறகடுப்பில் பெரிய கேக்கின் நடுப்பகுதி வேகுமுன் ஓரம் கருகிவிடும். சிறிய கிண்ணத்தில் சூடு சீக்கிரம் நடுவரை போய்விடும். 20 நிமிடத்தில் வெந்துவிடும்.

அந்தக் காலத்தில் மாவு உப்பப் பெரும்பாலும் முட்டையை அடிஅடியென்று அடிக்க வேண்டும், இல்லையென்றால் ஈஸ்ட் வேண்டும். இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் பேர்டின் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. மனைவிக்காக பேர்ட் 1843-ல் பேக்கிங் பவுடர் தயாரித்தார். மனைவி ஒருவருக்காகச் செய்தது உலகத்து அடுப்படிகளுக்கெல்லாம் வந்து சேர்ந்தது.

நிறம் வந்த வழி வேறு. 1856-ல் 18 வயது வில்லியம் பெர்கின், மலேரியா மருந்தான குயினைனைத் தாரிலிருந்து கிடைத்த பொருளைக் கொண்டு செய்யப் பார்த்தார். கிடைத்ததோ ஊதாச் சாயம். துணிக்கு வந்த அந்தச் சாயக் குடும்பம் பிறகு தின்பண்டத்துக்குள்ளும் நுழைந்தது.

நம் தீவுக்கு ரொட்டி அடுப்பு வெள்ளைக்காரர் காலத்திலேயே வந்துவிட்டது. இன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப்படும் ராஸ் தீவில் அவர்களுடைய பேக்கரியின் இடிபாடு நிற்கிறது. ஆனால் வீட்டிலேயே கேக் சுடும் பழக்கம் பரவ இணையக் கேபிளும் ஒரு காரணம் என்பேன். இணையத்துக்குச் செயற்கைக்கோளை நம்பியிருந்த நாட்களில் ஒரு சமையல் வீடியோ முழுதாக ஓடினால் பெரிய விஷயம். 2020 ஆகஸ்ட் 10-ல் சென்னையிலிருந்து நம் தீவுகளுக்குக் கடலடிக் கேபிள் திறக்கப்பட்டது. மொத்தம் சுமார் 2,300 கிலோமீட்டர். ஊரடங்குக் காலம் அது. வீடியோ நிற்காமல் ஓடத் தொடங்கியது.

ஓவன் இல்லாத வீட்டில் குக்கர் போதும். கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் கல்லுப்பு பரப்பி, ஒரு தட்டைக் கவிழ்த்து, பத்து நிமிடம் காயவிட வேண்டும். நெய் தடவிய எவர்சில்வர் கிண்ணங்களில் முக்கால் அளவு மாவு ஊற்றி உள்ளே வைத்து மூட வேண்டும். கேஸும் மைதாவும் கப்பலேறி வரும் ஊரில், சீக்கிரம் வேகும் சின்னக் கேக்கே தோது.

மேலே பூசும் வெண்ணெய்க் கிரீம்தான் நம் புழுக்கத்தில் நிற்காது. கேக் முழுதாக ஆறிய பிறகு, பரிமாறும் நேரத்தில் பூசுங்கள்.

நிறத்தில்தான் என் கவலையெல்லாம். இந்தியாவில் உணவில் சேர்க்க அனுமதியுள்ள செயற்கை நிறங்கள் எட்டே. துணிச்சாயமான ரோடமைன்-பி அந்த எட்டில் இல்லை. பஞ்சுமிட்டாயில் அது இருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு பஞ்சுமிட்டாய்க்கே தடை போட்டது. சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் நல்ல நீலம். எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டால் ஊதா. பீட்ரூட் சாற்றை மாவில் கலந்தால் வேகும்போது பழுப்பாகிவிடும். கிரீமில் கலந்தால் இளஞ்சிவப்பு அப்படியே நிற்கும். மஞ்சள்தூள் போட்ட மாவில் சோடா கூடினால் சிவந்து போகும், அதனால் சோடாவைக் குறைத்துத் தயிர் சேருங்கள்.

கடையில்தான் வாங்க வேண்டுமென்றால், நிறத்தின் பெயரும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண்ணும் அச்சிடாத பொட்டலத்தை வாங்காதீர்கள்.