பட்டுப்புழுவில் தொடங்கிய மருந்து

போன கார்த்திகையில் ஒரு சாயங்காலம், காலிஃபிளவருக்கு அடிக்க மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். வரப்புக்கு அந்தப் பக்கம் மல்பெரித் தழை அறுத்துக்கொண்டிருந்த அக்கா, "என்ன மருந்து தம்பி?" என்றார்.

"விஷமில்லக்கா, பி.டி.தான். மண்ணுல இருக்கிற பாக்டீரியா" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அக்கா அரிவாளைக் கீழே போட்டுவிட்டார். "ஐயோ சாமி, கூடு கட்டுற நேரம்! காத்துல இந்தத் தழை மேல பட்டா என் புழு அத்தனையும் போயிடுமே!"

இந்த மருந்தின் கதை தொடங்குவதே அங்கேதான். 1901-ல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் திடீர் திடீரென்று சுருண்டு செத்தன. காரணம் தேடிய இஷிவாட்டா ஷிகெட்டானே பிரித்தெடுத்தது இதே பாக்டீரியாவைத்தான். அந்த நோய்க்கு 'சொட்டோ' என்று பெயர். மயங்கி விழுவது என்று அர்த்தமாம். அங்கே இது மருந்தல்ல, எமன்.

பத்து வருஷம் கழித்து, 1911-ல், ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் பெர்லினர் மாவுக்குள் செத்துக் கிடந்த அந்துப்பூச்சிப் புழுக்களில் இதை மறுபடி கண்டார். ஆலை இருந்தது துரிஞ்சியா பகுதியில். அதனால் 1915-ல் 'பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்' என்று பெயர் வைத்தார். முதலில் பார்த்தவர் ஜப்பான்காரர், பெயர் என்னவோ ஜெர்மனிக்குப் போய்விட்டது! பட்டு வளர்ப்பவனின் நோய் மாவு ஆலைக்காரனுக்கு நல்ல சேதி. 1938-ல் பிரான்சில் 'ஸ்போரைன்' என்று விற்பனைக்கே வந்துவிட்டது.

இது தொட்டால் கொல்லாது, தின்றால்தான் கொல்லும். பாக்டீரியா விதை மாதிரி உறக்கத்துக்குப் போகும்போது கூடவே ஒரு புரதப் படிகத்தையும் உண்டாக்கும். புழுவின் குடலில் காரம் அதிகம். அதில் படிகம் கரைந்து குடல் சுவரில் ஓட்டை போடும். புழு சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்தும், சாவதற்கு இரண்டு மூன்று நாளாகும். நம் வயிற்றில் இருப்பது அமிலம். அந்தப் புரதம் ஒட்டிக்கொள்ள நம் குடலில் இடமும் இல்லை. முதல் தடவை அடித்த மறுநாள் புழு நெளிவதைப் பார்த்துவிட்டு, "போலி மருந்து" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவன் நான்.

வெயில் பட்டால் வீரியம் போய்விடும், அதனால்தான் பொழுது சாய அடிப்பது. சும்மா சும்மா இதையே அடித்தாலும் ஆபத்து. ஹவாயில் முட்டைக்கோஸைத் தின்னும் வைரமுதுகுப் பூச்சி இதற்குப் பழகிப்போனதை 1990-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். (பி.டி. பருத்தி 2002-ல் இங்கே வந்தது தனிக்கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

இத்தனையும் படித்தவன்தான் நான். ஆனாலும் என் பூவைத் தின்பதும் அக்காவின் சோறும் இந்த மருந்துக்கு ஒரே ஜாதிப் புழுதான் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. காற்று வேறு மல்பெரிப் பக்கமே வீசிக்கொண்டிருந்தது.

கலக்கியதைத் தூரத்துக் கோஸ் வயலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வரப்போரத்து எட்டுச் சாலிலும் நானும் வீட்டுக்காரியும் நாலு நாள் கையால் புழு பொறுக்கினோம். அதில் பாதிப் பூதான் தேறியது. அக்காவின் கூடு முழுசாகத் தேறியது. இப்போதெல்லாம் புழு மனைக்கு வரும் தேதியை அவர் முதலில் என்னிடம்தான் சொல்கிறார்.